பின்கட்டில் மூன்று சென்ட்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் தாண்டி
மங்கலம் ரோட்டுக்கு வந்து சேரும்போது
அதன் வாயெல்லாம் மண்.
முருங்கை ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்துவிட்டு
மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.
காகங்கள் பக்கவாட்டில் பறக்கின்றன,
போக வேண்டிய இடத்தை விட்டு
வேறெங்கோ குறிவைத்து.

என் ஓவர்லாக் மிஷின் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது.
பீஸுக்கு ஒன்றேகால் ரூபாய்.
தலை நிமிர்ந்தால் காசு குறையும்.
நிமிர்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
கணக்கோடு கணக்காக எழுதி வைக்கிறேன்:
வைகாசி 9. கழுத்து 240, கை 310.
கீரி தொட்டித் தண்ணீரில் முகம் பார்த்தது.
புரட்டாசி 2. கரண்ட் இல்லை.
தவிட்டுக்குருவி ஏழு. எட்டாவது
சுவருக்கு அந்தப் பக்கம், சண்டையில்.
ஒரு தாளில் வெறுமனே 'செம்போத்து'.
அன்றைக்கு எத்தனை பீஸ் என்று
இப்போது யாரைக் கேட்பது?

போன சித்திரை, முதல் மழைக்கு மறுநாள்
தையல்சிட்டு அத்திக்கன்றின் இரண்டு இலைகளை
அலகால் துளைத்து இழுத்துச் சேர்த்தது.
நூலைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு.
ஜெர்மனிக்குப் போன ஆர்டரின் மிச்சம்,
என் வேஸ்ட் மூட்டையிலிருந்து.
பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பொரித்துப் பதினைந்தாம் நாள்
மூன்று குஞ்சுகள் வேலிக்குத் தாவின.
நான்காவது தலைகீழாகத் தொங்கியது,
காலில் அதே கருஞ்சிவப்பு.
பாலியெஸ்டர் அறாது.
அறாது என்றுதானே வாங்குகிறோம்.
ஸ்டூல் போட்டு ஏறி நூல்வெட்டியை நீட்டினேன்.
கட்டைவிரல் பருமன்தான் தாய்.
என் காதுக்குள் நின்று ஊரைக் கூட்டியது.
வெட்டினேன்.
புல்லில் விழுந்து, நொண்டி,
கிளுவை வேலிக்குள் போய்விட்டது.
பிழைத்ததா தெரியாது.

அதற்கப்புறம் மூட்டையின் வாயைக் கட்டி வைக்கிறேன்.
பருத்தி நூலை மட்டும் விரற்கடை அளவு நறுக்கி
வேலிமேல் தூவிப் பார்த்தேன்.
சீண்டவில்லை. சிலந்தி வலையைத் தேடிப் போகிறது.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்த வாரம்
கருவேப்பிலைக்கு அடியில் சருகு புரண்டது.
பச்சை முதுகு, கண்ணில் கருப்புப் பட்டை,
வால் போதாமல் தைத்து அனுப்பியது போல்
ஆறுமணிக்குருவி.
பக்கத்து லைன் வீட்டு திபாகர்
சாயப்பட்டறை ஷிப்ட் முடிந்து வந்தவன்
நீல விரலால் சுவருக்கு மேலிருந்து காட்டினான்:
"இது எங்கூருதானுங்க்கா."
"எங்கூரு. வருசா வருசம் வருது."
"கூடு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை.
ஆனி மழையில், சால மரத்துப் புதரில்,
பந்து மாதிரி, பக்கவாட்டில் வாசல்:
ஒடிசாவிலிருந்து கொண்டுவந்த கூட்டை
இரண்டு கையாலும் செய்து காட்டினான்.
என்னிடம் இருந்தது மார்கழி.
விடியலில் பனிக்கு உடம்பை உப்பி
ஒற்றைக் காலில் அது நிற்பது.
அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

சித்திரை பிறந்து நாலைந்து நாளில்
கருவேப்பிலை அடி காலி.
தங்கச்சி கல்யாணம் என்று அவனும் போனான்,
வாடகை பாக்கி இல்லாமல்.

ஆனியில் ஒரு பொழுதோட ஃபோன்.
பேச்சில்லை. மழைதான் கேட்டது.
மிஷினை நிறுத்தினேன்.
மழைக்கு உள்ளேயிருந்து
இரண்டு தரம் விசில்,
கொஞ்சம் விட்டு இன்னொரு தரம்.
மணி ஆறு இல்லை, நாலே முக்கால்.
இங்கே காற்று கிளம்பியிருந்தது,
வாசலில் முதல் மண்.

தாளை எடுத்தேன்.
ஆனி 21. கழுத்து 85.
ஆறுமணிக்குருவி 1, ஃபோனில்.
இதைக் கணக்கில் சேர்ப்பதா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.